சர் நிக்கோலஸ் ஷாக்கிள்டன்: ஆழ்கடல் சேற்றில் காலத்தைப் படித்த அறிஞர்

கடலை அளந்தறிய முற்பட்டோர் பலர். அதன் பரப்பை அளந்தோரும், ஆழத்தை அளந்தோரும், அதில் வாழும் உயிர்களை வகைப்படுத்தியோரும் வரலாற்றில் உளர். ஆனால், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அக்கடலின் அடியில் நீர் எவ்வாறு ஓடியது, எவ்வளவு குளிர்ந்திருந்தது என வினவி, அதற்கு விடையும் கண்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சர் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் ஆவார். 2006ஆம் ஆண்டில் மறைந்த அப்பெருமகனாரின் வாழ்வையும் பணியையும் நம் மாணவர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ஷாக்கிள்டன் 1937ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். இவர்தம் தந்தையார் ராபர்ட் ஷாக்கிள்டன் பெயர்பெற்ற நிலவியல் பேராசிரியர். தென்துருவப் பயணத்தால் உலகப் புகழ் எய்திய எர்னஸ்ட் ஷாக்கிள்டன் இக்குடும்பத்தாருக்குத் தொலைவுறவினர். பனிக்கண்டத்தைக் காணக் கப்பலேறியவர் அவர். உருகி மறைந்துவிட்ட பழம்பனியின் அளவை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தே கணக்கிட்டவர் இவர்.

கெண்ட் மாவட்டத்துக் கிரான்புரூக் பள்ளியில் பயின்றபின், கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரியில் சேர்ந்து இயற்பியல் கற்று, 1961இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தில் ஹாரி காட்வின் என்னும் தாவரவியல் அறிஞர், சதுப்பு நிலங்களில் புதைந்து கிடந்த மகரந்தத் துகள்களைக் கொண்டு பழங்காலத் தட்பவெப்ப நிலையை ஆராயும் துறையொன்றை உருவாக்கியிருந்தார். தாவரங்களையும் மண்ணையும் ஆராய்ந்த அத்துறையில் இயற்பியல் கற்ற இவ்விளைஞர் இணைந்தார். ஐசோடோப்புகளின் அளவைக் கணக்கிடும் நிறை நிறமாலைமானி என்னும் கருவியைச் செப்பம் செய்து இயக்குவதே அவர் ஏற்ற முதற்பணி. கருவியைக் கையாளத் தெரிந்தவராய் உள்ளே நுழைந்தவர், பின்னாளில் அத்துறைக்கே தலைவராய் விளங்கினார்.

ஓடுகளில் பதிந்த கணக்கு

இவருடைய ஆய்வின் அருமையை உணர்வதற்குக் கடலடிச் சேற்றைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். கடலில் ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் உயிரிகள் எண்ணிறந்தன வாழ்கின்றன. மணல்மணி அளவே உள்ள இவை, நீரில் கரைந்துள்ள பொருள்களைக் கொண்டு தமக்குச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்கின்றன. இவற்றுள் ஒரு பிரிவு நீரின் மேற்பகுதியில் மிதந்து வாழ்வது. மற்றொரு பிரிவு பல்லாயிரம் அடி ஆழத்தில், கடலின் தரையிலேயே வாழ்வது. இரு பிரிவின் ஓடுகளும் இறுதியில் ஒரே சேற்றில் படிகின்றன. ஆழ்கடலில் இச்சேறு ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் அளவே உயர்கிறது. நீண்ட குழாயைச் செங்குத்தாக அதில் இறக்கி வெளியே எடுத்தால், பல லட்சம் ஆண்டுகளின் படிவு ஓர் உருளையாகக் கைக்குக் கிடைத்துவிடும்.

ஓட்டிலுள்ள ஆக்சிஜனில் 16 என்னும் நிறை எண் கொண்ட இலேசான அணுவும், 18 என்னும் நிறை எண் கொண்ட கனமான அணுவும் உண்டு. நீர் குளிரக் குளிர, ஓட்டில் கனமான அணுவின் விகிதம் சற்றே கூடும். இதனைக் கொண்டு பழங்கடலின் வெப்பநிலையை அறியலாம் என 1947இல் விளக்கியவர் நோபல் பரிசு பெற்ற வேதியியல் அறிஞர் ஹெரால்டு யூரி. சிகாகோவில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இத்தாலிய அறிஞர் சீசரே எமிலியானி, கடலடி உருளைகளிலிருந்து மிதக்கும் வகையின் ஓடுகளைப் பொறுக்கி அளந்தார். பனியூழியும் வெப்பக் காலமும் மாறிமாறி வந்ததை அவ்வளவீடுகள் தெளிவாகக் காட்டின. அவர் 1955இல் வெளியிட்ட அக்கட்டுரையே இத்துறையின் அடித்தளம் எனலாம்.

ஆயினும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான அணுவைக் கொண்ட நீரே எளிதில் மேலெழுகிறது. அது பனியாகப் பொழிந்து, பெரும் பனிப்பாளங்களாகக் கண்டங்களின்மேல் தங்கிவிட்டால், கடலில் எஞ்சும் நீரில் கனமான அணுவின் விகிதம் கூடிவிடும். எனவே ஓட்டில் காணும் மாற்றத்துக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, நீர் குளிர்ந்தது. மற்றொன்று, நிலத்தில் பனி பெருகியது. எமிலியானி இவ்விரண்டையும் அறிந்தவரே. எனினும் பெரும்பங்கு குளிர்ச்சிக்கே உரியது என அவர் கணித்தார். பனிக்குச் சிறுபங்கே ஒதுக்கினார்.

அடித்தரையில் வாழ்வன அளித்த விடை

இவ்விரு காரணங்களையும் பிரித்தறிவது எங்ஙனம்? ஷாக்கிள்டன் கடலின் அடித்தரையை நோக்கினார். இன்றும் ஆழ்கடல் நீர் உறைநிலைக்குச் சற்றே மேற்பட்ட குளிர்ச்சியில்தான் உள்ளது. பனியூழியில் அது மேலும் குளிர்ந்திருந்தாலும் சில பாகைகளே குளிர்ந்திருக்க இயலும். அதற்கு மேல் சென்றால் நீர் உறைந்துவிடும். ஆகவே தரைவாழ் ஓடுகளில் மாற்றம் சிறிதாக இருந்தால் எமிலியானியின் கணிப்பு சரி. மிதப்பனவற்றில் உள்ள அளவுக்கு மாற்றம் இருந்தால், அதன் பெரும்பங்கு பனிக்கே உரியது.

வினா எளிது, அளப்பதுதான் அரிது. ஒரு பிடி சேற்றில் மிதக்கும் வகையின் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். தரைவாழ் வகையோ ஒருசிலவே கிடைக்கும். அன்றைய கருவிகளுக்கு அவ்வளவு சிறிய பொருள் போதாது. ஷாக்கிள்டன் தம் கருவியைப் படிப்படியாகத் திருத்தி, ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த ஓட்டுத்துகளையும் துல்லியமாக அளக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். அளந்தபோது, இரு பிரிவிலும் மாற்றம் ஏறத்தாழ ஒத்திருக்கக் கண்டார். ஓடுகளில் பதிந்திருந்தது பெரும்பாலும் நிலத்துப் பனியின் அளவே என்னும் முடிவை 1967இல் வெளியிட்டார். அதே ஆண்டில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இம்முடிவின் பயன் பெரிது. கடல்நீர் உலகெங்கும் கலந்து ஒன்றாவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் போதும். எனவே பனியின் அளவு மாறினால், அம்மாற்றம் எல்லாக் கடல்களின் சேற்றிலும் பதியும். ஒரு பெருங்கடலின் உருளையை மற்றொரு பெருங்கடலின் உருளையோடு அடுக்குக்கு அடுக்கு பொருத்திப் பார்க்க வழி பிறந்தது.

கால அட்டவணையும் பனியூழியின் காரணமும்

1973இல் ஷாக்கிள்டன், நீல் ஆப்டைக் என்னும் அறிஞரோடு சேர்ந்து, பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் எடுக்கப்பட்ட உருளையொன்றை ஆராய்ந்தார். புவியின் காந்தத் துருவங்கள் இடம்மாறிய அடையாளம் அவ்வுருளையின் 12ஆவது மீட்டரில் பதிந்திருந்தது. அம்மாற்றம் 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாக அன்று கொள்ளப்பட்டது; இன்றைய கணக்கில் அது 7 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகிறது. இவ்வாறு ஓடுகளின் கணக்குக்கு உறுதியான ஒரு கால எல்லை கிடைத்தது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியை ஆராய்ந்து பனியூழிகள் நான்கே எனப் பலகாலம் போற்றப்பட்டு வந்த கொள்கை இதனால் தளர்ந்தது.

1976இல் ஜேம்ஸ் ஹேஸ், ஜான் இம்ப்ரி ஆகிய இருவரோடு இணைந்து அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் புகழ்பெற்றது. அதற்குரிய உருளைகள் நம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுக்கப்பட்டவை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. புவியின் சுற்றுப்பாதை, அச்சின் சாய்வு, அச்சின் தலையாட்டம் ஆகியவற்றின் மெல்லிய மாற்றங்களே பனியூழிகளின் வருகையை முறைப்படுத்துகின்றன என்று செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் முன்னரே கணக்கிட்டுக் கூறியிருந்தார். ஏறத்தாழ 1 லட்சம், 41 ஆயிரம், 23 ஆயிரம், 19 ஆயிரம் ஆண்டுகள் என்னும் கால இடைவெளிகள் சேற்றிலும் அவ்வாறே அமைந்திருந்தமையை மூவரும் நிறுவினர்.

ஆழ்கடல் ஓட்டத்தைக் கண்டறிதல்

ஓடுகளில் ஆக்சிஜனோடு கார்பனும் உண்டு. கடலின் மேற்பரப்பில் வாழும் நுண்தாவரங்கள் இலேசான கார்பனையே மிகுதியாக உட்கொள்கின்றன. அவை மடிந்து ஆழத்தில் சிதையும்போது அந்த இலேசான கார்பன் அடிநீரில் கலக்கிறது. மேற்பரப்பிலிருந்து அண்மையில் இறங்கிய நீரில் அது குறைவு; நெடுங்காலம் ஆழத்தில் தங்கிய நீரில் மிகுதி. ஆதலால் தரைவாழ் ஓட்டின் கார்பன், அதைச் சூழ்ந்திருந்த நீர் புதியதா, பழையதா என்பதைத் தெரிவிக்கும்.

இன்று அட்லாண்டிக்கின் வடகோடியில் குளிர்ந்து கனத்த நீர் ஆழத்தில் இறங்கித் தெற்கே செல்கிறது. ஆழ்கடல் நீருள் மிகவும் முதியது வட பசிபிக்கில் உள்ளது. பனியூழியில் நிலை என்ன? பிரெஞ்சு அறிஞர் டுப்ளெஸ்ஸியும் ஷாக்கிள்டனும் பிறரும் பல உருளைகளின் அளவீடுகளைத் தொகுத்து 1988இல் விடை கூறினர். வட அட்லாண்டிக்கில் இறங்கிய நீர் அன்று ஆழத்தின் அடிவரை செல்லவில்லை. அது இடைமட்டத்திலேயே பரவியது. அதன்கீழ் தென்துருவப் பகுதியிலிருந்து வந்த நீர் நிரம்பியிருந்தது. அதே ஆண்டில், மிதக்கும் வகையிலும் தரைவாழ் வகையிலும் கதிரியக்கக் கார்பனை அளந்து, பசிபிக்கின் ஆழ்நீர் அன்று இன்றையதைவிட முதுமையானது என்றும் ஷாக்கிள்டன் குழுவினர் காட்டினர்.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. பனியூழியின் உச்சத்தில் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 190 பங்கு அளவே இருந்தது; தொழிற்புரட்சிக்கு முன் 280 பங்கு; இன்றோ 420 பங்கைக் கடந்துவிட்டது. பனியூழியில் குறைந்த கார்பனின் பெரும்பகுதி ஆழ்கடலில்தான் தங்கியிருந்தது என அறிஞர் கருதுகின்றனர். ஆழ்நீரின் ஓட்டம் மாறினால் காற்றும் மாறும், நிலத்தின் வெப்பமும் மாறும் என்பதற்கு அந்நுண்ணிய ஓடுகள் சான்றாக நிற்கின்றன.

தம் முடிவையே மீண்டும் அளந்தவர்

2000ஆம் ஆண்டில், தமது அறுபத்து மூன்றாம் வயதில், ஷாக்கிள்டன் இரு பெரும் ஆய்வுகளை வெளியிட்டார். முதலாவது, போர்ச்சுகல் கரைக்கு அப்பால், 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் எடுக்கப்பட்ட உருளையைப் பற்றியது. அதில் மிதக்கும் ஓடுகளின் கணக்கு வடக்கே கிரீன்லாந்துப் பனியின் வரலாற்றை ஒத்திருந்தது. தரைவாழ் ஓடுகளின் கணக்கோ தெற்கே அண்டார்டிகாப் பனியின் வரலாற்றை ஒத்திருந்தது. இரண்டும் ஒரே சேற்றில் இருந்தமையால், எது முந்தியது, எது பிந்தியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. தெற்கு மெல்ல மெல்ல வெப்பமடைந்தபின்னரே வடக்கு திடீரென வெப்பமடைந்தது என்பது புலனாயிற்று.

இரண்டாவது ஆய்வு அவர்தம் உள்ளத்தின் நேர்மைக்குச் சான்று. அண்டார்டிகாப் பனியில் சிறைப்பட்ட பழங்காற்றின் அளவீடுகளைத் துணைக்கொண்டு, ஓட்டின் மாற்றத்தில் பனிக்கு எவ்வளவு, குளிர்ச்சிக்கு எவ்வளவு என்று அவர் மீண்டும் பிரித்துப் பார்த்தார். 1967இல் தாம் ஒதுக்கியதைவிட ஆழ்நீரின் குளிர்ச்சிக்கு மிகுந்த பங்கு உண்டு என்று கண்டு, அதனைத் தாமே எழுதி வெளியிட்டார். சேற்றின் இடுக்குகளில் தங்கிய பழநீரை நேரடியாக அளந்த பிறருடைய ஆய்வுகளும் தரைவாழ் ஓட்டு மாற்றத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கே பனிக்குரியது என்று காட்டுகின்றன. எமிலியானி பனிக்குக் குறைவாக ஒதுக்கினார். இளமையில் ஷாக்கிள்டன் சற்று மிகுதியாக ஒதுக்கினார். உண்மை இருவருக்கும் இடையே நின்றது. தமக்குப் புகழ் தேடித்தந்த முடிவையே மீண்டும் தராசில் வைக்க எத்துணைப் பேருக்கு மனம் வரும்!

புகழும் மறைவும்

1995இல் டேனிஷ் அறிஞர் வில்லி டான்ஸ்கார்டுடன் கிராஃபோர்டு பரிசும், 1998இல் சர் பட்டமும், 2004இல் வெட்லசன் பரிசும், 2005இல் ஜப்பானின் நீலக்கோள் பரிசும் ஷாக்கிள்டனை நாடி வந்தன. இசையிலும் அவர் பேரார்வம் கொண்டவர். கிளாரினெட் என்னும் காற்றுக்கருவியை வாசிப்பதோடு அதன் பழைய வகைகளைத் தேடிச் சேர்த்தும் வந்தார். எண்ணூறுக்கும் மேற்பட்ட கருவிகள் கொண்ட அத்தொகுப்பு எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு உரியதாயிற்று. 2006ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் அவர் கேம்பிரிட்ஜில் காலமானார். போர்ச்சுகல் கரைக்கு அப்பால் அவர் ஆராய்ந்த கடற்பகுதியில், 2011இலும் 2022இலும் பன்னாட்டு ஆய்வுக்கப்பல் மீண்டும் துளையிட்டு மேலும் நீண்ட உருளைகளை எடுத்தது. அவ்விடங்கள் அவர் பெயராலேயே வழங்கப்பெறுகின்றன.

நிறைவாக

மேற்பரப்பில் மிதப்பதை மட்டும் கேட்டு முடிவு கட்டாமல், அடித்தரையில் கிடப்பதையும் கேட்டல் வேண்டும் என்பதே ஷாக்கிள்டனின் வாழ்நாள் முறையாக இருந்தது. கடலுக்கு அவர் கொண்ட இம்முறை எல்லாத் துறை ஆய்வுக்கும் பொருந்தும். ஒரு சான்றோடு அமையாது இரண்டாவது சான்றையும் தேடுதல், அதனை அளக்கக் கருவி இல்லையெனில் கருவியைத் திருத்துதல், புதிய அளவீடு பழைய முடிவை மாற்றினால் அதனைத் தயங்காது உரைத்தல் ஆகிய மூன்றையும் நம் மாணவச் செல்வங்கள் இவ்வறிஞரிடமிருந்து கற்றுக்கொள்வார்களாயின், அதுவே அவருக்கு நாம் செய்யும் தக்க நினைவாஞ்சலி ஆகும்.