ஆற்றுக்கு ஒரு தலைவர்: சுல்தான் அபு பாக்கார் காலத்து ஜொகூரில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்குக் கங்கார் புலாய், கங்கார் தெப்ராவ் என்ற பெயர்கள் புதிதல்ல. வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சாலைப் பலகைகளைத் தினமும் பார்த்திருப்பீர்கள். ஆனால் 'கங்கார்' என்றால் என்ன என்று யோசித்ததுண்டா? நவீன ஜொகூரின் தந்தை என்று அழைக்கப்படும் சுல்தான் அபு பாக்காரின் கதையை அந்தச் சொல்லில் இருந்து தொடங்குவதுதான் சரி.

பள்ளியில் பண்டைய எகிப்தைப் பற்றிப் படித்தது ஞாபகம் இருக்கிறதா? மேலே மன்னர், நடுவில் கணக்கு எழுதுபவர்கள், கீழே உழைப்பாளிகள், எல்லோருக்கும் சோறு போடும் நைல் நதி. 19-ஆம் நூற்றாண்டு ஜொகூரும் ஏறக்குறைய அப்படித்தான் இயங்கியது. என்ன, இங்கே ஒரே ஆறு இல்லை. ஸ்கூடாய், தெப்ராவ், புலாய் என்று பல ஆறுகள்.

அபு பாக்கார் 1833-இல் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் பிறந்தவர். தந்தை தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம். மகனைக் கிறிஸ்துவப் போதகர் கீஸ்பெரி நடத்திய மலாய்ப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மலாயோடு ஆங்கிலமும் படித்தார் அபு பாக்கார். வெள்ளைக்காரர்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிப் பழகுவது என்பதெல்லாம் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது. பின்னாளில் அவருக்கு மிகவும் உதவியது இதுதான்.

சரி, நாட்டை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது?

அன்று ஜொகூர் பெரும்பாலும் காடு. 1844-இல் இருந்து தெமெங்கோங் ஆற்றுக் கடிதங்களை வழங்கத் தொடங்கினார். மலாயில் 'சூராட் சுங்கை'. அந்தக் கடிதம் கையில் இருந்தால், குறிப்பிட்ட ஓர் ஆற்றங்கரையைத் திருத்திப் பயிரிடலாம். கடிதம் பெற்றவர் 'கங்சு', அதாவது ஆற்றுத் தலைவர். பெரும்பாலும் தியோச்சூ சீனர்கள். படகு வந்து நிற்கும் துறையில் எழுந்த குடியிருப்புதான் கங்கார்.

அங்கே விளைந்தவை மிளகும் காம்பிரும். காம்பிரை நம்மவர்களுக்கும் தெரியும். வெற்றிலை பாக்கோடு சேர்த்து மெல்லும் காசுக்கட்டி வகைதான் அது. ஆனால் பெரிய சந்தை வெற்றிலைப் பெட்டி இல்லை. ஐரோப்பாவில் தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் ஏற்றவும் அது தேவைப்பட்டது.

ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் அளவில் வேலை செய்தார்கள். இலையை வெட்டிக் கொண்டுவந்து பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்கில் கொதிக்க வைக்க வேண்டும். சாறு குழம்பாகி இறுகியதும் கட்டி கட்டியாக வெட்டிக் காய வைப்பார்கள். கொதித்த சக்கை மிளகுக் கொடிக்கு உரம். விறகுக்காகச் சுற்றியிருந்த காட்டையும் வெட்டித் தள்ளினார்கள். பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சத்து போய்விடும். பிறகு அடுத்த காடு. புலி பயம் வேறு.

தொழிலாளிகளில் பலர் கப்பல் கட்டணத்தைக் கடனாக வாங்கி வந்தவர்கள். அரிசியும் கருவாடும் கங்சுவின் கடையில் கணக்கு வைத்துதான். அபின், சாராயம், சூதாட்டம், பன்றி இறைச்சி, அடகுக் கடை எல்லாவற்றுக்கும் அந்த ஆற்றில் உரிமை கங்சுவிடம். கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு ஏது! உடல்வலிக்கு அபின், அபினுக்குக் கடன், கடனுக்கு மறுபடி கொப்பரை. அரசின் வருமானத்தில் பெரும்பகுதி இந்த அபின் உரிமையிலும் காம்பிர், மிளகு ஏற்றுமதி வரியிலும் இருந்துதான் வந்தது. அபு பாக்காரைப் பாராட்டும் கட்டுரைகள் பல இந்தப் பகுதியைச் சட்டென்று கடந்துவிடுகின்றன.

1862-இல் தந்தை இறந்ததும் அபு பாக்கார் பொறுப்பேற்றார். 1866-இல் தஞ்சோங் புத்ரி என்ற ஊருக்கு ஜொகூர் பாரு என்று பெயர் சூட்டினார். இஸ்தானா பெசார் அரண்மனையும் அதே ஆண்டு. அதே ஆண்டில் இங்கிலாந்து போய் விக்டோரியா மகாராணியைச் சந்தித்தார். 1868-இல் மகாராஜா, 1885-இல் பிரிட்டனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு சுல்தான். குனோங் புலாய்க்கு மரத் தண்டவாளத்தில் ரயில் விடவும் முயன்றார். கரையான் அதை விட்டுவைக்கவில்லை.

ஆறுகளை நிர்வகிக்க எழுதத் தெரிந்த அதிகாரிகள் வேண்டுமே. அவர்களில் ஒருவர் முகமது இப்ராஹிம் முன்ஷி. மலாய் இலக்கியத்தின் பெரிய பெயரான முன்ஷி அப்துல்லாவின் மகன். அப்துல்லாவின் முன்னோர் நாகூர் வழி வந்தவர்கள். மலாக்கா வணிகத்தில் தமிழ் புழங்கியதால் அப்துல்லா தமிழும் கற்றவர். ஜொகூரின் அலுவலக மேசையில் நம் கடற்கரையின் வாசனையும் கொஞ்சம் இருந்தது என்று சொல்லலாம்.

சீனர்களை ஆள அவர்களிலேயே தலைவர்களை வைத்தார். அவர்களில் முக்கியமானவர் தான் ஹியோக் நீ. ஜொகூர் பாருவில் நீங்கள் காபி குடிக்கப் போகும் ஜாலான் தான் ஹியோக் நீ அவர் பெயரில்தான் இருக்கிறது. 1873-இல் கங்சுகளுக்கென்றே தனிச் சட்டத் தொகுப்பும் வந்தது.

பேராக், சிலாங்கூர் எல்லாம் 1874-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டை ஏற்க வேண்டி வந்தது. அபு பாக்கார் ஏற்கவில்லை. 1893-இல் லண்டனில் ஒரு பெண் அவர்மீது வழக்குப் போட்டார். ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் பழகித் திருமண வாக்கை மீறினார் என்பது புகார். அவர் சுதந்திர நாட்டின் மன்னர், இங்கே விசாரிக்க முடியாது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. வழக்கு அவமானம்தான். ஆனால் அவர் கேட்டுக்கொண்டே இருந்த அங்கீகாரத்தை ஆங்கில நீதிமன்றமே எழுத்தில் கொடுத்துவிட்டது.

1895 ஏப்ரலில் ஜொகூருக்கு எழுத்து வடிவ அரசியல் சட்டம் வந்தது. நாட்டின் எந்தப் பகுதியையும் அந்நியருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அதே ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி லண்டனில் அபு பாக்கார் காலமானார். உடல் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவரப்பட்டு மஹ்மூடியா அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மகன் சுல்தான் இப்ராஹிம் காலத்தில், 1914-இல், பிரிட்டிஷ் பொது ஆலோசகர் வந்தார். 1917-இல் கங்சு முறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் பரவத் தொடங்கியிருந்தது. கங்சு கடைக்குப் பதில் தோட்டக் கடை, கங்சுவுக்குப் பதில் கங்காணி. கடன் புத்தகத்தில் இந்த முறை எழுதப்பட்ட பெயர்கள் தமிழ்ப் பெயர்கள்.