சாதிப் பெருமை பெற்றுத் தராத குடியுரிமை: தலீப் சிங் சவுந்தின் வாழ்வு

அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாக்குரிமை கொண்ட உறுப்பினராக அமர்ந்த முதல் ஆசிய வம்சாவளியினர் தலீப் சிங் சவுந்த். அவரை ஒரு வெற்றிக் கதையின் நாயகனாக மட்டும் நினைவுகூர்வது போதாது. தம்மைக் குடிமகன் ஆகவிடாத ஒரு சட்டத்தை மாற்றுவதற்கு அவரும் அவருடைய சமூகமும் எந்த வழியைத் தேர்ந்தனர் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

1899 இல் அமிர்தசரஸ் மாவட்டத்தின் சஜ்ஜல்வாடி என்னும் சிற்றூரில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1920 இல் மேற்படிப்புக்காகக் கலிபோர்னியா சென்றார். ஸ்டாக்டன் குருத்வாரா இந்திய மாணவர்களுக்காகப் பெர்க்லியில் நடத்திய விடுதியே அவருக்கு அடைக்கலம் தந்தது. 1924 இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் இந்தியர் என்பதால் தகுதிக்கேற்ற பணி கிடைக்கவில்லை. இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழவரானார்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அன்றைய சட்டப்படி வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினருமே புதிதாகக் குடியுரிமை பெற முடியும். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய சீக்கியரான திண்ட், தாம் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதிட்டார். இனத்தின் பெயரால் இடப்பட்ட எல்லைக்கோட்டை அகற்றுமாறு அவர் கேட்கவில்லை. அதற்கு அப்பால் தமக்கோர் இடம் கேட்டார். சாதியை மறுத்த குருமார்களின் மரபில் வந்த ஒருவர் சாதியையே சான்றாக்கியது வரலாற்றின் கசப்பான முரண். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதனை இழந்தனர். நில உரிமையை மறுத்த கலிபோர்னியச் சட்டமும் அவர்கள்மீது இறங்கியது. பிறர் பெயரில் பத்திரம் எழுதி, தம் வியர்வையைச் சிந்தி உழுதனர் பஞ்சாபி உழவர்கள்.

சவுந்த் வேறு வழியில் நடந்தார். 1942 இல் உருவான அமெரிக்க இந்தியர் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். வழக்காடி ஒருவருக்கு மட்டும் விலக்குப் பெறுவது அதன் நோக்கமன்று, சட்டத்தையே திருத்துவது. கலிபோர்னியப் பஞ்சாபி உழவர்கள் அதற்குத் துணைநின்றனர். நியூயார்க்கில் ஜே.ஜே. சிங் தலைமையிலான இந்தியா லீக் அமைப்பும் அதே கோரிக்கையை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுசென்றது. 1946 ஜூலை 2 அன்று லூஸ்–செல்லர் சட்டம் கையொப்பமாயிற்று. இந்தியரும் பிலிப்பினியரும் குடியுரிமை பெறும் வழி திறந்தது. ஆனால் புதிதாகக் குடிபெயரும் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 இடங்களே ஒதுக்கப்பட்டன. அது முழுச் சமத்துவமன்று. பூட்டிய கதவில் விழுந்த முதல் பிளவு.

1949 இல் சவுந்த் குடிமகனானார். மறு ஆண்டே வெஸ்ட்மோர்லாந்து நகர நீதிபதித் தேர்தலில் வென்றார். குடியுரிமை பெற்று ஓராண்டு நிறையவில்லை என்று அப்பதவி மறுக்கப்பட்டது. 1952 இல் மீண்டும் நின்று வென்றார். 1956 இல் புகழ்பெற்ற விமானி ஜாக்குலின் காக்ரனைத் தோற்கடித்து நாடாளுமன்றம் புகுந்தார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த 1957 ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தை ஆதரித்தார். தாம் கடந்து வந்த வாயிலை அவர் பிறருக்கு அடைக்கவில்லை. மூன்று முறை வென்ற அவர், 1962 இல் பக்கவாதத்தால் வீழ்ந்தார். 1973 இல் மறைந்தார்.

அரை நூற்றாண்டு கழித்து, 2023 இல், அதே கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் எஸ்.பி. 403 என்னும் சட்ட முன்வரைவு இரு அவைகளிலும் நிறைவேறியது. சீக்கிய உரிமை அமைப்பான சீக் கோயலிஷன் அதனை வெளிப்படையாக ஆதரித்தது. நடப்பிலுள்ள சட்டங்களே போதும் என்று கூறி ஆளுநர் அதனைத் திருப்பி அனுப்பினார். எனினும், பஞ்சாபியர் செறிந்து வாழும் ஃப்ரெஸ்னோ நகரம் அவ்வாண்டு செப்டம்பரிலேயே சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்துவிட்டது.

புலம்பெயர்ந்த சமூகத்தின் முன் இன்றும் அவ்விரு வழிகளே உள்ளன. சாதியைக் காட்டி மேலே இடம் கேட்ட வாதம் 1923 இலேயே தோற்றது. ஒன்றுதிரண்டு சட்டத்தை மாற்றக் கேட்ட குரல், 23 ஆண்டுகள் கழித்தேனும், வென்றது. சட்டம் பயிலும் இளையோரே, வழக்குக் கட்டுகளைச் சுமந்து நாம் நீதிமன்றப் படியேறும் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: நாம் கேட்பது நமக்கொரு விலக்கா, எல்லோருக்குமான சமத்துவமா?