நாணலைக் கரும்போடு சேர்த்தவர்

கரும்புக் கரணை வாங்கும்போது ரகத்தின் பெயர் ‘கோ’ என்று தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ‘கோ’ கோயம்புத்தூரைக் குறிக்கிறது. அந்த எழுத்துக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்தவர் சர் டி.எஸ். வெங்கட்ராமன்.

1884-ல் பிறந்தவர். 1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது, அதை நடத்திய பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது நம் நாடு ஜாவாவிலிருந்து சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. நாட்டின் கரும்பில் பெரும்பகுதி வட இந்தியாவில்தான் விளைந்தது. ஆனால் அங்கே இருந்தது மெலிந்த, மகசூல் குறைந்த நாட்டுக் கரும்பு. தெற்கின் பருத்த கரும்பை நட்டால் வடக்கின் குளிரைத் தாங்காது.

வடக்கின் கரும்புக்குக் கோவையில் ஏன் ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். கரும்பு பூத்தால்தான் புது ரகம் உருவாக்க முடியும். கரணை நட்டால் எத்தனை ஆண்டானாலும் தாய்க் கரும்பின் அதே குணம்தான் வரும். விதையிலிருந்து முளைக்கும் நாற்றுகளோ ஒன்றுபோல் ஒன்று இராது. கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும்.

‘வெள்ளை’ என்ற பருத்த கரும்போடு அங்கே ஒட்டுச் சேர்த்தது எதை தெரியுமா? நாம் களை என்று வெட்டி எறியும் நாணலை. நாணலில் பிழிந்தெடுக்கச் சாறு ஏது? ஆனால் வறட்சியையும் தண்ணீர் தேங்குவதையும் தாங்கும் முரட்டுக் குணம் அதில் இருந்தது. அப்படி வந்த கோ 205 ரகம் 1918-ல் வெளியாகி பஞ்சாப் வயல்களில் நிலைத்தது. என்னைப் போன்ற உழவியல்காரர்கள் இடைவெளி, உரம், பாசனம் என்றுதான் பேசுவோம். களைக்குள் இருக்கும் பலத்தைப் பார்க்க வேறு கண் வேண்டும்.

பிறகு நிலையத்தின் தலைமை வெங்கட்ராமனுக்கு வந்தது. வடக்கின் நாட்டுக் கரும்பின் குணங்களும் கலந்த ரகங்கள் வந்தன. கோ 281, கோ 290 இரண்டும் அமெரிக்காவின் லூசியானா, தென்னாப்பிரிக்கா வரை போயின. தெற்கே கோ 419 பல ஆண்டுகள் கோலோச்சியது. வயதைக் குறைக்கச் சோளத்தோடு கரும்பைச் சேர்த்தார், மூங்கிலோடும் சேர்த்தார். அவை வயலுக்கு வரவில்லை. அதனால் வீண் என்று நான் சொல்லமாட்டேன். 1937-ல் இந்திய அறிவியல் மாநாட்டுத் தலைவரானபோது அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் கிராமம். 1963-ல் காலமானார்.

இன்று ஒரு கரும்பு ரகம் ஒட்டுச் சேர்ப்பிலிருந்து உங்கள் வயலுக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அது வீழ அவ்வளவு காலம் வேண்டாம். உத்தரப் பிரதேசத்தில் பெரும்பாலான விவசாயிகள் கோ 0238 என்ற ஒரே ரகத்தை நட்டார்கள். நல்ல மகசூல், நல்ல சர்க்கரை. சில ஆண்டுகளில் செவ்வழுகல் நோய் பிடித்துக்கொண்டது. நம் பக்கம் கோ 86032 இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் பரந்து நிற்கிறது. அடுத்த நடவுக்கு ஆலையில் பதியும்போது, உங்கள் மண்ணுக்கு ஏற்ற இன்னொரு ரகம் இருக்கிறதா என்று கரும்பு அலுவலரிடம் கேளுங்கள். ஒரு கால் ஏக்கரிலாவது நட்டுப் பாருங்கள். மறுதாம்பு வரை விட்டு, இரண்டின் எடையையும் குறித்து வையுங்கள்.