தோலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

தேவகோட்டையின் பழைய பெரிய வீடுகளுக்குள் சென்று சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம். பளிங்குபோல் வழுக்கும். சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவைச் சேர்த்துத் தேய்த்த கொத்தனாரின் கைவேலை அது. அந்த வெண்கருவில் இருப்பது புரதம். தெருமுனையில் செருப்புத் தைக்கும் தோழர் ஊசி ஏற்றுகிறாரே, அந்தத் தோலில் இருப்பதும் புரதந்தான்!

ஒன்று ஒழுகுகிறது, மற்றொன்று உழைப்பாளியின் காலைக் காக்கிறது. ஒரே இனத்தில் ஏன் இத்தனை வேற்றுமை? புரதம் என்பது அமினோ அமிலங்கள் எனும் சிறு மணிகளைக் கோத்த சங்கிலி. அடிப்படை மணி வகைகள் இருபதே. எந்த மணிக்குப் பின் எந்த மணி, சங்கிலி எப்படி மடிகிறது, எப்படி முறுக்குகிறது என்பதைப் பொறுத்தே வெண்கருவும் தோலும் வேறாகின்றன.

அந்த முறுக்கைச் சென்னையிலிருந்தே கண்டு சொன்னவர் ஜி. என். இராமச்சந்திரன். நெல்லை மாவட்டக் கோபாலசமுத்திரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்துப் பெங்களூர் சென்றார். மின்பொறியியல் படிக்கப் போனவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டவர் சர் சி. வி. இராமன். பின்னர் 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானபோது வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று அவரிடம் கூறினார். கொலாஜன் எது? தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் வலுத் தரும் புரதம். அதைத் தேடி அவர் கடல் கடக்கவில்லை. அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்றார். உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படம் எடுத்தனர், கணக்கிட்டனர். 1954இல் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை வெளியிட்டனர். மறு ஆண்டு, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என்று திருத்தினர். ஆம், நம் வீட்டுத் தேங்காய்நார்க் கயிற்றைப் போலத்தான்! சங்கிலியில் மூன்றாவதாக வரும் மணியெல்லாம் மிகச் சிறிய கிளைசின். முறுக்கின் நடுவில் அதற்கு மட்டுமே இடமுண்டு.

எழுந்தது எதிர்ப்பு. சாதாரண ஆட்களிடமிருந்தா? 1953இல் டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட இருவரில் ஒருவரான கிரிக்கும், அவரோடு ரிச்சும் குறை கண்டனர். சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவு நெருங்கியிருக்கின்றன என்றனர்.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். சினந்தாரா? சோர்ந்தாரா? இல்லை. நெருங்கலாகாது என்றால் எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்டார். அதுவரை அறியப்பட்ட அமைப்புகளையெல்லாம் திரட்டி அளந்தார். சங்கிலியின் ஒவ்வொரு மணியிலும் திரும்பக்கூடிய இடம் இரண்டு. எந்தக் கோணத்துக்குத் திருப்பினால் அணுக்கள் இடிக்கும், எதற்கு இடிக்காது என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டார். 1963இல் அது ஒரே சதுரப் படமாக வெளிவந்தது. இடம் கொடுக்கும் பகுதி கொஞ்சமே. மற்றதெல்லாம் விலக்கப்பட்ட நிலம். இன்றும் உலகில் எங்கே ஒரு புரத அமைப்பைக் கண்டாலும், அது சரிதானா என்று இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு எப்படியோ, புரத ஆய்வாளருக்கு இது அப்படி.

உண்மையை மறைக்க வேண்டாம். மூன்று புரிகள் என்ற அடிப்படை நிலைத்தது. புரிகளைப் பிணைக்கும் கட்டுகள் எத்தனை என்ற கணக்கில் பிற்காலச் சோதனைகள் எதிர்த்தரப்புக்கே சாதகமாயின. அதனால் அவர் புகழ் குன்றியதா? குறை சொன்னவர்களுக்கு விடை தேடப் போய்த்தானே உலகுக்கே ஓர் அளவுகோலைத் தந்தார்!

1971இல் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசு அவரை நாடவில்லை. நடுக்குவாத நோயால் தளர்ந்து, 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

தோழர்களே! சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நம் கணக்கில் பிழை என்றால் நமக்கு முதலில் வருவது கோபம். இனி அப்படி ஒரு நாள் வரும்போது, காலிலுள்ள செருப்பைக் குனிந்து பார்ப்போம். அதற்குள் ஒரு முப்புரிக் கயிறு இருக்கிறது. பிழை என்றவரைப் பகைக்காமல், அளவுகோலைக் கையில் எடுத்த ஒருவரின் வாழ்வும் இருக்கிறது.