வான்வழி வென்ற வனிதை

ஏமாங்கத நாட்டை ஆண்ட சச்சந்தன் என்னும் மன்னன், தன் தேவி விசயைக்கு இடுக்கண் நேருங்கால் அவளைக் காத்தற்பொருட்டு, மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்வித்தான் என்று சீவக சிந்தாமணி கூறுகின்றது. அப்பொறியை மேலே எழுப்பவும் கீழே இறக்கவும் விசயை முன்னரே பழகிக்கொண்டாள். பகை வந்து சூழ்ந்த நாளில் அவள் அதன்மீது ஏறி, வான்வழியே தன்னந்தனியே சென்றாள். இது திருத்தக்கதேவரின் கற்பனையே. ஆயினும், பொறியை இயக்கும் முறையை நன்கு பயின்ற பின்னரே அவள் அதில் ஏறினாள் என்று அப்புலவர் கூறியிருப்பது கருதத்தக்கது. அவர் கற்பனையில் கண்ட காட்சியை, பல நூற்றாண்டுகள் கழிந்தபின் மெய்யாக்கிக் காட்டினார் ஓர் ஆங்கில நங்கை. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தனியே விமானம் ஓட்டிச் சென்ற முதற் பெண்மணி அவரே. அவர் பெயர் ஏமி ஜான்சன்.

ஏமி, இங்கிலாந்தின் கீழைக் கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுக நகரில், 1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் மீன் வாணிகம் செய்து வந்தவர். பெண்மக்கள் நால்வருள் ஏமியே மூத்தவர். ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்ற அவர், பின்னர் இலண்டன் மாநகர் சென்று, வழக்கறிஞர் நிலையம் ஒன்றில் செயலாளராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் விமானம் ஓட்டுதல் பெரும்பாலும் செல்வர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. ஏமியோ தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, 1928ஆம் ஆண்டில் இலண்டன் விமானக் கழகத்திற் சேர்ந்தார். அவர் பிறவியிலேயே அக்கலையில் வல்லவராக இருந்தார் என்று எண்ணற்க. தனியே பறக்கும் தகுதியைப் பெறுதற்கு, மற்ற மாணவரினும் மிகுதியான பயிற்சி அவருக்குத் தேவையாயிற்று. விமானத்தைத் தரையில் மெல்ல இறக்குதல் அவருக்கு நெடுநாள் வரையிலும் எளிதாக வாய்க்கவில்லை. எனினும் அவர் மனம் தளரவில்லை. 1929ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் விமானம் ஓட்டுதற்குரிய உரிமம் பெற்றார்.

ஓட்டக் கற்றதோடு ஏமி அமையவில்லை. தாம் ஏறும் பொறியின் உள்ளும் புறமும் அறிந்தாலன்றித் தனிவழி செல்லுதல் தகாது என்று அவர் உணர்ந்தார். ஆகவே நாள்தோறும் வைகறையில் எழுந்து விமானக் கொட்டகைக்குச் சென்று, அங்கே தலைமைப் பொறிவினைஞராக விளங்கிய ஜாக் ஹம்பிரீஸ் என்பவரிடம் தொழில் கற்றார். எண்ணெயும் கரியும் படிந்த ஆடையுடன் பொறிகளைக் கழற்றுவார், துடைப்பார், மீண்டும் பூட்டுவார். அதன்பின் அலுவலகம் செல்வார். பெண்ணொருத்தி கொட்டகையிற் புகுந்து வேலை கற்பது அந்நாளில் பலருக்கும் புதுமையாக இருந்தது. அங்கிருந்த தொழிலாளர் நாளடைவில் அவரைத் தம்முள் ஒருவராகவே மதித்து, ஆண்பிள்ளைப் பெயரிட்டு ஜானி என அழைக்கலாயினர். அவ்வாண்டின் இறுதியில், விமானங்களைப் பழுது பார்த்தற்குரிய அரசாங்கச் சான்றிதழை ஏமி பெற்றார். பிரிட்டனில் அதனைப் பெற்ற முதற் பெண் அவரே.

பின்னர் அவர் உள்ளத்தில் பெரியதோர் எண்ணம் எழுந்தது. பெர்ட் ஹிங்கிளர் என்னும் வீரர் 1928ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஏறத்தாழப் பதினைந்தரை நாளில் தனியே பறந்து சென்றிருந்தார். அவ்வழியைத் தாமும் கடக்க வேண்டும், அவரினும் விரைவாகக் கடக்க வேண்டும் என்று ஏமி துணிந்தார். அதுகாறும் அவர் தனியே சென்ற மிக நீண்ட பயணம், இலண்டனிலிருந்து தம் சொந்த ஊராகிய ஹல் வரையிற் சென்றதே. கடலைக் கடந்து அவர் பறந்ததில்லை. ஆதலின் அவர் உதவி வேண்டிய இடங்களில் எல்லாம் மறுமொழி மறுப்பாகவே வந்தது. முடிவில், எண்ணெய் வாணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டிய வேக்பீல்டு பிரபு கைகொடுத்தார். அவரும் ஏமியின் தந்தையாரும் அளித்த பொருளைக் கொண்டு, முன்பே பிறர் பயன்படுத்திய சிறு விமானம் ஒன்று 600 பவுனுக்கு வாங்கப்பட்டது.

அது ஜிப்சி மாத் என்னும் வகையைச் சேர்ந்தது. மரச் சட்டங்களால் ஆகித் துணி போர்த்த இறகுகளை உடையது. அவ்விறகுகளின் அகலம் 30 அடி. பொறியின் ஆற்றல் 100 குதிரைத்திறன். ஓட்டுபவர் இருக்கைக்கு மேற்கூரை இல்லை. மழையும் வெயிலும் காற்றும் முகத்தில் அறையும். செய்தி அனுப்புதற்கு வானொலிக் கருவியும் அதில் இல்லை. வழிகாட்டத் திசைகாட்டியும் நிலப்படங்களுமே இருந்தன. தந்தையாரின் வாணிகச் சின்னமாகிய ஜேசன் என்பதையே அதற்கும் ஏமி பெயராகச் சூட்டினார்.

1930ஆம் ஆண்டு மே திங்கள் 5ஆம் நாள் காலை, இலண்டனை அடுத்த கிராய்டன் விமான நிலையத்தில் தந்தையாரும் நண்பர் சிலருமே வழியனுப்ப நின்றனர். பெருங்கூட்டம் எதுவும் இல்லை. எரிநெய்ச் சுமை மிகுதியால் ஜேசன் முதன்முறை எழ மறுத்தது. இரண்டாம் முறை எழுந்தது. அன்று மாலை ஏமி வியன்னா சேர்ந்தார். மறுநாள் கான்ஸ்டாண்டிநோபிள் சேர்ந்தார். பறக்கும்போதே துணைத் தொட்டிகளிலிருந்து பெட்ரோலைக் கையால் இறைத்து மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அதன் நெடி அவருக்குக் குமட்டலை உண்டாக்கியது. இறங்கிய இடங்களிலோ ஓய்வு இல்லை. பொறியை ஆராய்ந்து, எண்ணெய் மாற்றி, பெட்ரோலை வடிகட்டி நிரப்பிய பின்னரே அவர் கண்ணயர்வார். சில மணி நேரத்தில் மீண்டும் எழுவார்.

மூன்றாம் நாள் டாரஸ் மலைத்தொடர் எதிர்ப்பட்டது. 12,000 அடி வரை உயர்ந்த சிகரங்களை உடையது அது. சுமை மிக்க அச்சிறு விமானத்தால் அவ்வளவு உயரம் எழ இயலவில்லை. ஆகவே மலைகளுக்கு இடையேயுள்ள குறுகிய பள்ளத்தாக்குகளின் வழியே, இருப்புப்பாதையை அடையாளமாகக் கொண்டு அவர் சென்றார். முகில் சூழ்ந்து வழியை மறைத்தது. பாறைச்சுவர் திடீரென அருகில் தோன்றியது. ஒரு கணத்தில் விமானத்தைத் திருப்பி அவர் உயிர் தப்பினார்.

நான்காம் நாள், பாக்தாத் நகரை நோக்கிச் செல்லும்போது பாலைவனத்தில் மணற்புயல் தாக்கியது. காற்று ஜேசனைச் சருகுபோல் அலைத்தது; கண்முன் ஒன்றும் தெரியவில்லை. ஏமி நிலம் இன்னதென அறியாமலேயே கீழே இறங்கினார். இறங்கியவுடன் தம் மூட்டைகளைச் சக்கரங்களுக்கு முட்டாக வைத்தார். மணல் புகாவண்ணம் பொறியைத் துணியால் மூடினார். காற்று விமானத்தைத் தூக்கிக் கவிழ்த்துவிடாதபடி, கையிலே துப்பாக்கியுடன் அதன் வாற்புறத்தின்மீது அமர்ந்தார். தொலைவில் நாய்கள் குரைக்கும் ஒலி கேட்டது. புயல் தணியும் வரையில் பல நாழிகை அவ்வாறு அமர்ந்திருந்து, பின்னர் எழுந்து பறந்து அன்றே பாக்தாத் அடைந்தார்.

ஆறாம் நாளாகிய மே 10ஆம் நாள் அவர் கராச்சி வந்து சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து இந்தியத் துணைக்கண்டத்திற்கு ஹிங்கிளர் எட்டு நாளில் வந்தார். ஏமி இரண்டு நாள் முந்திவிட்டார்! அதுவரை அவரைப் பொருட்படுத்தாத செய்தித்தாள்கள், அன்று முதல் அவர் பெயரை முதற்பக்கத்தில் வெளியிடலாயின. மறுநாள் எதிர்க்காற்று மிகுந்ததால் எரிநெய் குறைந்தது. அலகாபாத்துக்குச் செல்ல வேண்டியவர், ஜான்சியிலுள்ள படை அணிவகுப்புத் திடலில் இறங்கினார். இறகு ஒன்று சிதைந்தது. அங்கிருந்தோர் உதவியால் அது செப்பனிடப்பட்டது. அடுத்த நாளே அலகாபாத் வழியாகக் கல்கத்தாவை அடைந்தார்.

மே 13ஆம் நாள் நேர்ந்ததே பெருஞ்சோதனை. கல்கத்தாவிலிருந்து பர்மாவை நோக்கிப் பறந்தபோது பருவமழை கொட்டியது. இரங்கூனிலுள்ள குதிரைப் பந்தயத் திடலில் அவர் இறங்க வேண்டும். மழைத்திரையில் அது தென்படவில்லை. அந்நகருக்கு வடக்கே இன்செயின் என்னும் ஊரில் திறந்தவெளி ஒன்றைக் கண்டு இறங்கினார். அது அரசினர் தொழிற்கல்வி நிலையத்தின் விளையாட்டுத் திடல். சிறிய அத்திடலில் ஓடிய விமானம், அதன் எல்லையிலிருந்த பள்ளத்தில் வீழ்ந்தது. முன்விசிறி முறிந்தது, சக்கரங்களைத் தாங்கும் கால் நொறுங்கியது, இறகு கிழிந்தது. ஏமிக்குக் காயம் இல்லை. ஆனால் தம் விமானத்தின் நிலை கண்டு அவர் கண் கலங்கினார். ஹிங்கிளரை வெல்லும் வாய்ப்பு அப்பள்ளத்திலேயே வீழ்ந்துவிட்டது.

அவ்வளவில் பயணத்தை முடித்துக்கொண்டிருப்பினும் உலகம் அவரைப் பழித்திராது. பாதி வழிக்கு மேல் வந்த பெண் என்று புகழ்ந்தே இருக்கும். ஏமி அதனை விரும்பவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கருவிகளைக் கையில் எடுத்தார். தொழிற்கல்வி நிலையத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் அவரைச் சூழ்ந்து நின்று துணை செய்தனர். உடைந்த சட்டங்களுக்கு மாற்றுச் சட்டங்கள் செய்யப்பட்டன. இறகுக்கு வேண்டிய துணி அங்கே கிடைப்பதாயில்லை. முதல் உலகப் போரில் எஞ்சிய விமானத் துணியால் தைக்கப்பட்ட சட்டைகள் சில அவ்வூரில் இருந்தன. அவற்றின் தையலைப் பிரித்து இறகுக்கு ஒட்டுப்போட்டனர். முன்விசிறி ஒன்றை ஏமி முன்னெச்சரிக்கையாக உடன் கொண்டு வந்திருந்தார், அது பூட்டப்பட்டது. கொட்டகையில் வைகறைதோறும் கற்ற கல்வி, அந்நாளில் அவருக்குக் கைகொடுத்தது. மே 16ஆம் நாள் ஜேசன் மீண்டும் வானில் எழுந்தது.

பாங்காக், சிங்கப்பூர் வழியாக அவர் ஜாவாத் தீவை அணுகினார். அங்கே ஒரு சர்க்கரை ஆலையை அடுத்த நிலத்தில் இறங்கியபோது, மூங்கில் முளைகள் இறகுத் துணியைக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கொண்டு அக்கிழிசல்களை ஒட்டிப் பயணத்தைத் தொடர்ந்தார். திமோர்த் தீவில் இருள் சூழும் வேளையில், கறையான் புற்றுகள் நிறைந்த ஒரு வெளியில் இறங்கினார். அவ்விடத்திலிருந்து செய்தி அனுப்ப வழியில்லை. அவர் கடலில் வீழ்ந்துவிட்டாரோ என உலகம் அஞ்சியது.

இறுதியாக எஞ்சியது திமோர்க் கடல். ஏறத்தாழ 500 மைல் வரை நீரன்றி வேறில்லை. பலமுறை முறிந்தும் கிழிந்தும் ஒட்டுப்போடப்பட்ட ஜேசனை நம்பி, ஏமி அக்கடலின்மீது பறந்தார். இடைவழியில் எண்ணெய்க் கப்பல் ஒன்றைக் கண்டு, தாம் செல்லும் திசை சரியே எனத் தெளிந்தார். 1930 மே 24ஆம் நாள் பிற்பகல், ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரில் அவர் இறங்கினார். ஏறத்தாழ 11,000 மைல், அதாவது 18,000 கிலோமீட்டர் வழியை இருபது நாளில் கடந்திருந்தார். ஹிங்கிளரின் கால அளவை அவர் வெல்லவில்லை. ஆயினும் அவரை வரவேற்ற மக்கள் வெள்ளத்தில் அதனை எண்ணிப் பார்த்தவர் எவர்?

பட்டமும் பரிசும் வந்து குவிந்தன. சிட்னி நகரச் சிறுவர் சிறுமியர் பொற்காசுகள் திரட்டி அவருக்கு அளித்தனர். ஏமி அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதைக் கொண்டு ஒரு பொற்கிண்ணம் செய்வித்து, வீரச்செயல் புரியும் சிறுவர்க்குப் பரிசாக வழங்குமாறு தம் ஊராகிய ஹல் நகருக்கு அளித்தார். 1931இல் தம் ஆசிரியர் ஹம்பிரீசுடன் டோக்கியோ வரையிலும், 1932இல் தனியே தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் வரையிலும் பறந்தார். பெண் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, புகழ் பெற்ற அவ்வம்மையார் எளியதொரு பணியை ஏற்றார். போர் விமானங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் துணைப்படையில் 1940இல் சேர்ந்தார். 1941 ஜனவரி 5ஆம் நாள், கடுங்குளிரில், பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்போர்டு நோக்கி விமானம் ஒன்றைத் தனியே ஓட்டிச் சென்றார். முகில் மூட்டத்தில் வழி தப்பி, தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்தில், பாராசூட் துணையுடன் நீரில் இறங்கினார். அண்மையிலிருந்த போர்க்கப்பல் அவரைக் காக்க விரைந்தது. அதன் தலைவர் வால்டர் பிளெச்சர் உறைநீரில் குதித்தார். குளிரால் அவரும் உயிர் நீத்தார். ஏமியின் உடல் கிடைக்கவில்லை. அப்பொழுது அவருக்கு அகவை முப்பத்தேழு.

மாணவர்களே, இலண்டனிலுள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில் ஜேசன் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. இத்துணைச் சிறிய பொறியா உலகின் பாதியைக் கடந்தது என்று காண்போர் வியப்பர். பொறியின் வலிமை சிறிதே. அதனை அறிந்த கையின் திறமை பெரிது. இடுக்கண் வந்தபோது அழியாத மனமும், அதனை நீக்குதற்குரிய தொழிலறிவும் ஏமியிடம் ஒருங்கே அமைந்திருந்தன. மனவுறுதி மட்டும் இருந்திருப்பின், அவர் இன்செயின் பள்ளத்தின் அருகே அழுது நின்றிருப்பார். தொழிலறிவு மட்டும் இருந்திருப்பின், கிராய்டனை விட்டே புறப்பட்டிருக்கமாட்டார். பெயர் அறியப்படாத எத்தனையோ நல்லோரின் உதவியும் அவருக்குக் கிடைத்தது. தாமே முயல்வார்க்கே பிறர் துணையும் பயன்படும். உயர எண்ணுக, எண்ணியதற்கு வேண்டிய தொழிலை நாள்தோறும் பயில்க. இதுவே ஏமி ஜான்சனின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.