நீண்ட கை

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அத்தை உமைமாவின் திருமகளார் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி). விடுதலை பெற்ற அடிமையான ஸைத் (ரலி) அவர்களை மணந்து, அம்மணம் முறிந்தபின், ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) நபியவர்களின் துணைவியருள் ஒருவரானார். இத்துணைச் சிறப்புடையார் செய்த தொழில் தோல் பதனிடுதல்.

அன்றைய அரபகத்தில் தோலின்றி வாழ்வில்லை. நீர்ப்பை, கிணற்று வாளி, சேணம், காலணி, கூடாரம், படுக்கை எனப் பலவும் தோலால் ஆயின. மயிரும் ஊனும் களைந்த தோலைக் கருவேல இனத்து மரக்காய்களை இடித்து ஊறவைத்த நீரில் இடுவர். காயின் துவர்ப்பு ஊடுருவித் தோலை அழுகாது காக்கும். நாற்றம் மிக்க இவ்வேலையை அன்னையார் இழிவெனக் கருதவில்லை. பதனிட்டார், தைத்தார், வந்த பொருளை வறியோர்க்கு ஈந்தார். பெண் தன் உழைப்பால் ஈட்டித் தன் விருப்பப்படி வழங்க அச்சமுதாயத்தில் இடமிருந்ததை இது காட்டுகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அனுப்பிய 12,000 திர்ஹமையும் உறவினர்க்கும் ஏழையர்க்குமே பங்கிட்டார்.

தம் மறைவுக்குப்பின் துணைவியருள் தம்மை முதலில் வந்தடைபவர் நீண்ட கையுடையவரே என நபியவர்கள் அறிவித்திருந்தார்கள். துணைவியர் கைகளை அளந்தனர். ஸவ்தா (ரலி) அவர்களின் கையே நீண்டிருந்தது. ஹிஜ்ரி 20இல் (கி.பி. 641) அன்னை ஸைனப் முதலில் மறைந்தபோதுதான், கையின் நீளமென்பது ஈகையே என விளங்கிற்று.

தோல்தொழிலையும் தொழிலாளரையும் தாழ்வாக எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உளர். நபிகளார் போற்றிய அந்த நீண்ட கை, துவர்நீரில் தோய்ந்த கை என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.