பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் சிடி பிளேயரைச் செருகலாமா? யார் இந்த லீ டி ஃபாரஸ்ட்?

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கிறது செல்லூர். தறிச் சத்தத்துக்குப் பேர்போன பகுதி. இந்த மாதிரி இடங்களில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து என்னென்னவோ இறங்கும். சில வீடுகளில், கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விட்ட காலத்து ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இறங்கும். தூக்கினால் தோள் இறங்கிவிடும். உள்ளே வரிசையாகக் கண்ணாடிக் குழல்கள். சுவிட்சைப் போட்டால் அகல் விளக்கு மாதிரி மெல்லச் சிவக்கும். நம்ம ஊரில் அதற்குப் பெயர் வால்வு.

வீட்டில் ஒரு சிடி பிளேயரும் சும்மா கிடக்கிறது. இரண்டையும் இணைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். இணைத்தால் பெரும்பாலும் நடப்பது இது: திருகை இம்மியளவு திருப்பியதுமே தெரு அதிரும், குரல் கரகரவென்று கிழியும். செட் போச்சு என்று பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. செட்டில் ஒரு கோளாறும் இருக்காது. சிக்கல் அந்தக் குழலுக்குள் இருக்கிற ஒரு சின்னக் கம்பி வளைவில். அதை 1906-ல் அங்கே வைத்தவர் லீ டி ஃபாரஸ்ட். அது எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கே ரொம்ப நாள் சரியாகத் தெரியாது என்பதுதான் இந்தக் கதையில் வேடிக்கை.

ஊர் ஒதுக்கிய வீடு

1873 ஆகஸ்ட் 26-ல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் கவுன்சில் பிளஃப்ஸ் ஊரில் பிறந்தார். அப்பா கிறிஸ்தவப் போதகர். அலபாமாவில் கறுப்பின மக்களுக்கான டல்லடேகா கல்லூரிக்கு அப்பா தலைவராகப் போனார். அடிமை முறை ஒழிந்து அதிக நாளாகாத தென் மாகாணம் அது. கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்த வெள்ளைக் குடும்பத்தை ஊரிலிருந்த மற்ற வெள்ளைக்காரர்கள் ஒதுக்கிவைத்தார்கள். லீக்கு விளையாடக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினச் சிறுவர்கள். மற்ற நேரமெல்லாம் புத்தகமும் இயந்திரங்களும்தான்.

மகனும் போதகராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனோ யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், மின்காந்த அலைகளை ஆராய்ந்து 1899-ல் முனைவர் பட்டம் வாங்கினார். மார்கோனியின் பெயர் உலகமெல்லாம் அடிபட்ட காலம் அது. கம்பியில்லாத் தந்தியில் தானும் மார்கோனி ஆகிவிட வேண்டும் என்ற வெறி டி ஃபாரஸ்டுக்கு. கெட்டிக்காரர்தான். ஆனால் புகழ் மீது கொஞ்சம் கூடுதலாகவே பசி.

1902-ல் ஆப்ரஹாம் ஒயிட் என்ற பங்கு வியாபாரியோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். ஒயிட்டுக்குத் தந்தி அனுப்புவதைவிடப் பங்கு விற்பதில்தான் ஆர்வம். போதாக்குறைக்கு, வேறொருவரின் கருவியை ஒத்த ஒன்றைப் பயன்படுத்தியதாகக் காப்புரிமை வழக்கில் கம்பெனி தோற்றது. 1906-ல் டி ஃபாரஸ்ட் வெளியேற வேண்டியதாயிற்று. கையோடு எடுத்து வந்தது, யாரும் மதிக்காத சில காப்புரிமை விண்ணப்பங்கள்.

மூன்றாவது கம்பி

மின்விளக்குக்குள் கூடுதலாக ஓர் உலோகத் தகட்டை வைத்தால், சூடான இழையிலிருந்து வெற்றிடத்தைத் தாண்டி மின்சாரம் அதற்குப் பாய்கிறது என்பதை எடிசன் 1880-களிலேயே கவனித்திருந்தார். அதை வைத்து இங்கிலாந்தின் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904-ல் ஒரு குழல் செய்தார். மின்சாரம் ஒரு பக்கமாக மட்டுமே போகும். சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி. வால்வு என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஃபிளெமிங்கின் குழலில் இரண்டு பாகம். டி ஃபாரஸ்ட் 1906 கடைசியில் இரண்டுக்கும் நடுவே வளைத்து வளைத்து வைத்த ஒரு மெல்லிய கம்பியை நுழைத்தார். அதற்குப் பெயர் கிரிட். நியூயார்க்கில் சின்ன பல்புகள் செய்யும் மெக்கேண்ட்லெஸ் என்பவர்தான் கண்ணாடி வேலையைச் செய்து கொடுத்தார். 1907 ஜனவரியில் விண்ணப்பம், 1908 பிப்ரவரியில் காப்புரிமை. கருவிக்கு ஆடியான் என்று பெயர். ஃபிளெமிங்கின் வேலையிலிருந்து தான் எதுவும் எடுக்கவில்லை என்று டி ஃபாரஸ்ட் கடைசிவரை சாதித்தார். அதை நம்புவது கஷ்டம்.

கிரிட் என்ன செய்கிறது? கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் ஷட்டரை நாலு விரற்கடை ஏற்றி இறக்கினால் போதும், வயலுக்குப் போகும் அவ்வளவு தண்ணீரும் கூடும், குறையும். தண்ணீரைத் தள்ளுவது அந்த ஆளின் பலமில்லை, கண்மாயில் நிற்கும் நீரின் அழுத்தம். வால்வில் கண்மாய் என்பது 300, 400 வோல்ட் மின்சாரம். ஷட்டர்தான் கிரிட். அதை ஆட்டுவது மைக்கிலிருந்து வரும் சொற்ப மின்னழுத்தம். சின்ன ஆட்டம் பெரிய ஓட்டமாக மாறுகிறது. ஆம்ப்ளிஃபயர் என்றால் இவ்வளவுதான்.

ஆனால் டி ஃபாரஸ்ட் ஆரம்பத்தில் இதை ஒலியைப் பெருக்க அதிகம் பயன்படுத்தவில்லை. வானொலி அலையைக் கண்டறியும் கருவியாகத்தான் பார்த்தார். குழலில் கொஞ்சம் வாயு இருந்தால்தான் வேலை நடக்கும் என்றும் நம்பினார். அது தப்பு.

ஜாமீனில் ஒரு கண்டுபிடிப்பு

அடுத்த கம்பெனி வந்தது. இந்தக் காலத்தில்தான் நோரா பிளாட்சைத் திருமணம் செய்தார். அமெரிக்காவில் சிவில் இன்ஜினீயரிங் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர், கணவரின் நிறுவனத்திலும் வேலை பார்த்தவர். மனைவி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும் என்று கணவர் நினைக்க, மணவாழ்க்கை சீக்கிரமே முறிந்தது. 1910 ஜனவரியில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பெரா அரங்கிலிருந்து கரூசோவின் பாட்டை நேரடியாக ஒலிபரப்பிக் காட்டினார். கேட்டவர்கள் சிலர்தான், தெளிவும் குறைவு. கம்பெனி திவால்.

வேறு வழியின்றி கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஃபெடரல் டெலிகிராஃப் நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1912-ல் அங்கே கைது செய்யப்பட்டார். தபால் மூலம் பங்கு விற்று மக்களை ஏமாற்றியதாக, பழைய கம்பெனிக்காரர்களோடு சேர்த்து அவர் மீதும் வழக்கு. ஜாமீனில் இருந்தபடியே உதவியாளர்கள் இருவரோடு அந்தக் கோடையில் ஆடியானைக் குடைந்தார். ஒரு குழலின் வெளியீட்டை அடுத்ததன் கிரிட்டுக்குக் கொடுத்து, அதை அதற்கடுத்ததற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சத்தம் பல மடங்கு பெருகியது. கிரிட் பிறந்து ஆறு வருஷம் கழித்துத்தான் அதன் உண்மையான வேலை தெரியவந்தது.

இப்போது அந்த சிடி பிளேயர்

மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கு. அதாவது வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. அதை நம்பித்தான் பழைய மைக் செட்டின் முதல் வால்வு அமைக்கப்பட்டிருக்கும். அந்த வால்வின் கிரிட் வழக்கமாக ஒன்றிரண்டு வோல்ட் எதிர்மின் நிலையில் வைக்கப்பட்டிருக்கும். அதுதான் ஷட்டர் ஆடுவதற்கான இடம். சிடி பிளேயரின் வழக்கமான முழு வெளியீடு 2 வோல்ட். உச்சத்தில் கிட்டத்தட்ட 2.8 வோல்ட். ஷட்டர் மேலே போய் இடிக்கும், கீழே போயும் இடிக்கும். பாட்டின் மேடு பள்ளமெல்லாம் வெட்டுப்படும். கரகரப்பு அதனால்தான். பல செட்டுகளில் வால்யூம் திருகு முதல் வால்வுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் சத்தத்தைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது.

ஆகவே மைக் துளையில் சிடி பிளேயரைச் செருகவே கூடாது. கிராமபோன் பிக்கப்புக்கோ ஆக்ஸிலரிக்கோ தனித் துளை இருந்தால் அதில் செருகுங்கள். அதிலும் அதிகமாக இருந்தால் மின்தடைகளால் குறைக்கலாம். பழைய செட் ஒற்றைச் சேனல், சிடி இரட்டைச் சேனல். இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாக்கினால் பிளேயரின் இரு வெளியீடுகளும் ஒன்றோடொன்று மோதும். இடது, வலது ஒவ்வொன்றிலும் ஒரு 47 கிலோ ஓம் மின்தடை போட்டு, மறுமுனைகளைச் சேர்த்து, சேர்ந்த இடத்திலிருந்து தரைக் கம்பிக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டால், 2 வோல்ட் சுமார் 0.6 வோல்ட்டாக இறங்கும். மூன்று மின்தடைக்கு ஆகும் செலவு ஒரு டீக் காசு. வெட்டி ஒட்ட மனமில்லாதவர்கள் பிளேயருக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு தனி வால்யூம் கண்ட்ரோலை வைத்துக்கொள்ளலாம். இம்பீடன்ஸ் பொருத்தம் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். சிடி பிளேயரின் வெளியீடு சில நூறு ஓம், வால்வின் உள்ளீடு பெரும்பாலும் லட்சக் கணக்கான ஓம். அந்தப் பக்கம் பிரச்சினையே இல்லை.

கவனிக்க வேண்டியது மறுமுனையில். வீட்டு ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் செட்டின் பின்னால் 8 என்று போட்ட முனையில்தான் மாட்ட வேண்டும். 100 வோல்ட் லைன் என்று எழுதிய முனை குழாய் ஸ்பீக்கர்களுக்கானது. ஸ்பீக்கர் மாட்டாமல் செட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். வருஷக் கணக்காகப் பரணில் கிடந்ததை நேரே பிளக்கில் செருகவும் கூடாது. கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். வால்வு செட் பார்த்துப் பழகிய மெக்கானிக் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

விற்றது 50,000 டாலருக்கு

1912 இறுதியில் டி ஃபாரஸ்ட் தன் பெருக்கியை ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்துக்குக் காட்டினார். சத்தம் கொஞ்சம் கூட்டினாலே குழலுக்குள் நீல ஒளி கிளம்பி ஒலி சிதைந்தது. அங்கிருந்த ஹரால்ட் ஆர்னால்டுக்கு விஷயம் பிடிபட்டது: வாயு தேவையில்லை, வாயுதான் கோளாறு. காற்றை முழுசாக உறிஞ்சி எடுத்ததும் ஆடியான் நம்பகமான கருவியாக மாறியது. 1913-ல் தொலைபேசிக்கான உரிமையை அந்த நிறுவனம் 50,000 டாலருக்கு வாங்கியது. யாருக்காக வாங்குகிறோம் என்று சொல்லாமலே வக்கீல் பேரம் பேசினார் என்பது டி ஃபாரஸ்ட் தரப்புக் கதை. பணமுடையில் இருந்தவர் கொடுத்துவிட்டார். 1915-ல் நியூயார்க்கும் சான் ஃபிரான்சிஸ்கோவும் தொலைபேசியில் பேசிக்கொண்டது அந்தக் குழல்களின் தயவில்தான்.

மோசடி வழக்கில் ஆடியான் ஒன்றுக்கும் உதவாத பொருள் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அட்லாண்டிக்கைத் தாண்டிக் குரலை அனுப்பலாம் என்று சொன்னதும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. கூட்டாளிகள் சிலருக்குத் தண்டனை கிடைத்தது, இவர் தப்பினார். 1915-லேயே ஏடி அண்ட் டி பொறியாளர்கள் வர்ஜீனியாவிலிருந்து பாரிஸுக்குக் குரலை அனுப்பிக் காட்டினார்கள். அனுப்பியது அதே வகைக் குழல்களை வைத்து.

வழக்குகள் அவரை விடவில்லை, அவரும் வழக்குகளை விடவில்லை. 1916-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு விசித்திரமான தீர்ப்பைச் சொன்னது. ஆடியான் ஃபிளெமிங்கின் காப்புரிமையை மீறுகிறது, கிரிட்டோ டி ஃபாரஸ்டுடையது. ஃபிளெமிங் காப்புரிமையைக் கையில் வைத்திருந்த மார்கோனி கம்பெனியும், டி ஃபாரஸ்டும், ஒருவர் அனுமதியில்லாமல் மற்றவர் மூன்று பாகக் குழலைச் செய்ய முடியாது என்ற நிலை. இதைவிடக் கசப்பானது எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு நடந்த சண்டை. வெளியீட்டின் ஒரு பங்கைத் திரும்ப கிரிட்டுக்கே கொடுத்துப் பல்லாயிரம் மடங்கு பெருக்கும் முறையைக் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே கண்டுபிடித்து, ஏன் அப்படி நடக்கிறது என்றும் விளக்கியவர் ஆர்ம்ஸ்ட்ராங். 1934-ல் உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்பளித்தது. பொறியாளர்கள் அதை ஏற்கவில்லை. வானொலிப் பொறியாளர் சங்கம் தனக்குத் தந்திருந்த பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுக்கப் போனபோது, சங்கம் வாங்க மறுத்துவிட்டது. கோர்ட்டில் ஜெயித்தவருக்குத் தொழில்காரர்களிடம் மரியாதை போச்சு.

பேசும் படம்

இதற்கிடையில் ஒலியை ஒளிக்கோடாக மாற்றி ஃபிலிமின் ஓரத்திலேயே பதியும் ஃபோனோஃபிலிம் முறையில் இறங்கினார். 1923 ஏப்ரலில் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் குறும்படங்களைத் திரையிட்டார். முக்கியமான வேலையில் பெரும்பங்கு தியோடர் கேஸுடையது. பெயர் யாருக்கு என்பதில் இருவரும் பிரிந்தார்கள். பெரிய ஸ்டுடியோக்கள் கண்டுகொள்ளவில்லை, அந்தக் கம்பெனியும் திவால். சில வருஷத்தில் வேறு பெயர்களில் பேசும் படம் வந்தது. ஃபிலிமில் பதித்தாலும் தட்டில் பதித்தாலும், தியேட்டர் முழுக்கக் கேட்கச் செய்தது கிரிட் வைத்த குழல்தான். 1931 அக்டோபர் 31-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸுக்கும் அதேதான்.

1950-ல் எழுதிய சுயசரிதைக்கு வானொலியின் தந்தை என்று தானே தலைப்பு வைத்தார். நான்கு திருமணம், சொந்தப் பெயரில் 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். சினிமாவுக்கு ஒலி கொண்டுவந்ததற்காக 1960-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அதற்குள் டிரான்சிஸ்டர் வந்து வால்வுகளை ஓரங்கட்டத் தொடங்கியிருந்தது. சிடி பிளேயர் கடைக்கு வர இன்னும் 22 வருஷம் இருந்தது. 1961 ஜூன் 30-ல், 87 வயதில், ஹாலிவுட்டில் இறந்தார். வங்கிக் கணக்கில் மிச்சமிருந்தது 1,250 டாலர்.